சுப்பர்வைசர் இல்லாமல் குழு ஓடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சிறு நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், ஹோட்டல்கள் என்று பயிற்சி வகுப்பு எடுக்கப் போகும் இடமெல்லாம் கடைசி அரை மணித்தியாலத்தில் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். உப்புவெளியில் கேட்டதைத்தான் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, கீழே போகப் போகச் சிக்கல் கூடும்.

சுயமுகாமைக் குழு எண்டா என்ன சேர்? சுப்பர்வைசரை நிப்பாட்டிப் போட்டு ஆக்களை அவங்கட பாட்டில விடுறதா?

இல்லை. ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிக்கும் பொறுப்பு குழுவிடம் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, யார் எதைச் செய்வது, பிழைத்தால் எப்படித் திருத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் கூடவே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சுயமுகாமைக் குழு. பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிற இடங்கள் நிறைய.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் குழுக்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹக்மன் இதை நான்காகப் பிரித்துச் சொன்னார். வேலையைச் செய்வது ஒன்று. செய்கிற விதத்தைக் கவனித்துச் சீர்செய்வது இரண்டு. குழுவில் யார் யார், என்னென்ன வசதி என்று அமைப்பது மூன்று. எதற்காக இந்த வேலை, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வது நான்கு. முதலாவது மட்டும் கையில் இருந்தால் அது வழமையான, முகாமையாளர் நடத்தும் குழு. முதல் இரண்டும் இருந்தால் சுயமுகாமைக் குழு. மூன்றும் நான்கும் பெரும்பாலும் மேலே இருப்பவரிடமே இருக்கும். இந்தப் பிரிப்பை நினைவில் வைத்திருங்கள். கீழே பல பதில்கள் இங்கேதான் வந்து நிற்கும்.

இது இப்ப வந்த வெளிநாட்டு பெஷன்தானே?

வெளிநாட்டு ஆராய்ச்சி உண்டு, ஆனால் புதிது இல்லை. எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இருவர் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1951இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பு இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒரு துண்டு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே பார்த்துக்கொண்டார்கள். புதிய இயந்திரங்கள் வந்ததும் 40 பேர் அளவில் மூன்று ஷிப்டுகளாகப் பிரித்தார்கள்; ஒரு ஷிப்டுக்கு ஒரு வகை வேலை மட்டும். இயந்திரம் திறமானதுதான். ஆனால் ஒரு ஷிப்ட் மற்ற ஷிப்டைக் குறை சொல்லத் தொடங்கியது, வேலைக்கு வராமல் நிற்பது கூடியது. பிறகு சில சுரங்கங்களில் அதே இயந்திரத்தோடு குழுவுக்கு முழு வேலையையும் திரும்பக் கொடுத்துப் பார்த்தபோது நிலைமை சீரானது.

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போங்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை. மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்குக் கிட்ட வர வர இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி நகர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போகும். அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யாரும் கட்டளை போடுவதில்லை. அதற்காக அங்கே முதலாளி இல்லை என்று நினைக்க வேண்டாம். வலைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், பங்கு எப்படி என்று முன்கூட்டியே பேசியாகிவிட்டது. மூன்றும் நான்கும் தீர்ந்த விடயம் என்பதால்தான் ஒன்றும் இரண்டும் இழுக்கிறவர்கள் கையில் இவ்வளவு லாவகமாக இருக்கிறது.

எல்லா வேலைக்கும் சரிவருமா?

வராது. ஒருவர் வேலை மற்றவர் வேலையில் தங்கியிருக்கிற இடத்தில்தான் குழுவுக்கு அர்த்தம். ஐந்து விற்பனைப் பிரதிநிதிகள் ஐந்து ஊரில் தனித்தனியாகச் சுற்றுகிறார்கள் என்றால் அவர்களைக் குழு என்று கூப்பிட்டு வாராந்தம் கூட்டம் வைப்பதில் தேநீர்ச் செலவுதான் மிச்சம்.

ஒரு குழுவில எத்தனை பேர் இருக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மெக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைச் சேர்த்து இழுக்கவைத்து, இழுவிசையை அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, அவரவர் தனியாக இழுக்கக்கூடியதைக் கூட்டினால் வருவதில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. கொஞ்சம் சோம்பல், கொஞ்சம் ஒரே நேரத்தில் இழுபடாமை. கரைவலையில் எல்லோரும் ஒன்றாக இழுக்க அம்பா என்ற பாட்டுப் பாடியது சும்மா இல்லை.

நெதர்லாந்தில் 2006இல் ஜோஸ் டி ப்ளொக் தொடங்கிய பூர்ட்ஸோர்க் என்ற வீட்டுத் தாதிச் சேவையில் ஒரு குழுவுக்கு 12 பேர்தான் உச்சம். கூடினால் இரண்டாகப் பிரிப்பார்கள். ஆயிரக்கணக்கான தாதியர் இப்படிச் சின்னச் சின்னக் குழுக்களாகவே வேலை செய்கிறார்கள். என் கணக்குக்கு நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் ஐந்து முதல் எட்டுப் பேர் போதும்.

தலைவர் ஒருத்தர் வேணுமா வேண்டாமா?

நிரந்தரத் தலைவர் கட்டாயம் இல்லை. ஆனால் “இந்தக் கிழமை யாரிடம் கேட்பது?” என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் இருக்க வேண்டும். நியூயோர்க்கில் 1972இல் தொடங்கிய ஒர்ஃபியஸ் இசைக்குழுவுக்கு நடத்துநரே கிடையாது. அதனால் ஒவ்வொருவரும் தன் பாட்டில் வாசிப்பதில்லை. ஒவ்வோர் இசைப் படைப்புக்கும் ஒருவர் முன்னிற்பார், சிலர் மட்டும் முதலில் கூடி எப்படி வாசிப்பது என்று தீர்மானிப்பார்கள், பிறகுதான் முழுக்குழு சேரும். அடுத்த படைப்புக்கு ஆள் மாறும். பொறுப்பு மாறி மாறி வரலாம், காணாமல் போகக் கூடாது.

அப்ப முகாமையாளருக்கு என்ன வேலை? சம்பளத்தைச் சும்மா எடுக்கிறதா?

இதை முகாமையாளர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் பயத்தோடு. முதல் பதிலில் சொன்ன மூன்றும் நான்கும் அவர்களுடைய வேலை. உண்மையில் அது கூடிய வேலை. எது முடிய வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்பதில் தளர்வே இல்லாமல் இருக்க வேண்டும். எப்படி முடிப்பது என்பதில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் மறுவளமாகச் செய்கிறார்கள். இலக்கைச் சொல்லும்போது “உங்களுக்குத் தெரியும்தானே” என்று மழுப்பிவிட்டு, படுக்கை விரிப்பை எப்படி மடிப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள்.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவுக் குழுவைப் பார்த்தேன். விருந்தினர் 11 மணிக்கு வெளியேறுவார்கள், 2 மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். இடையில் மூன்று மணித்தியாலம். அதற்குள் விரிப்பு, துவாய், குளியலறை, வடிகாலில் கிடக்கும் கடற்கரை மணல். யார் எந்த அறை என்று குழுவே பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள், பிரிப்பும் திறமாக இருந்தது. ஆனால் மேலதிகத் துவாய் எடுக்கக் களஞ்சியப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். அவர் 12 மணிக்குச் சாப்பிடப் போனால் 1 மணிக்குத்தான் வருவார். ஆறு பேர் நடைபாதையில் காத்து நிற்கிறார்கள். வரவேற்பறையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. முகாமையாளர் என்னிடம் சொன்னது, “இவங்களுக்கு உற்சாகம் காணாது, நீங்க ஒரு வகுப்பு எடுங்க.” வகுப்பு எடுக்கவில்லை. துவாய் அலுமாரிச் சாவியைக் குழுவிடம் கொடுத்து, எடுத்ததை எழுத ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். அதன்பிறகு அந்தக் காத்திருப்பு இல்லை.

ரூத் வேஜ்மன் என்ற ஆய்வாளர் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பகுதியில் 43 சுயமுகாமைக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கம்தான். குழுவை எப்படி அமைத்தார்கள் என்பது, தலைவர் அன்றாடம் எப்படி ஊக்கப்படுத்தினார் என்பதைவிட அதிகம் வேலை செய்தது. நன்றாக அமைத்த குழுவுக்கு நல்ல வழிகாட்டல் கூடுதல் பலன் தந்தது, மோசமான வழிகாட்டல் பெரிதாகக் கெடுக்கவில்லை. அமைப்பே பிழை என்றால் எவ்வளவு நல்ல வழிகாட்டலும் அதிகம் உதவவில்லை.

எங்கட ஆக்கள் சொன்னாத்தான் செய்வாங்கள். இதெல்லாம் இங்க சரிவருமோ?

கரைவலை இழுக்கிறவர்கள் எந்த ஊர் ஆட்கள்? கோயில் திருவிழாவில் அன்னதானம் கொடுக்கிறவர்கள்? சொன்னால்தான் செய்கிற பழக்கம் பெரும்பாலும் வேலையிடத்தில் கற்றது. தானாகச் செய்தவருக்கு ஒருமுறை ஏச்சு விழுந்திருக்கும். அடுத்த முறை அவர் சொல்லும் வரை நிற்கிறார். இதைச் சோம்பல் என்று எழுதி வைக்கும் முதலாளிமாரிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ஒருத்தர் ஒண்டும் செய்யாமல் மற்றாக்களோட சேந்து பேர் எடுக்கிறார். என்ன செய்யிறது?

முதலில் குழு பெரிதா என்று பாருங்கள் (ரிங்கெல்மன் பதில்). அடுத்து, அவர் என்ன செய்தார் என்பது யார் கண்ணிலாவது படுகிறதா? செய்ததும் செய்யாததும் தெரியாமல் கலந்துவிடுகிற இடத்தில்தான் சாய்ந்துகொள்வது சுகமாக இருக்கும். காலையில் பத்து நிமிடம் நின்றபடியே பேசி, யார் எதைப் பொறுப்பெடுத்தார் என்று பலகையில் எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மிச்சப் பாதிக்கு நேரே பேச வேண்டும், அதுவும் குழுவே பேச வேண்டும். வீட்டில் சுகயீனமா, வேலை தெரியாததா, மனமில்லையா என்பது கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பேசியும் மாறவில்லை என்றால் முகாமையாளரிடம் போகலாம். ஆளை நீக்குவது குழுவில் யார் இருப்பது என்ற கேள்வி, அதாவது மூன்றாவது வேலை. அதைக் குழுவின் தலையில் கட்டாதீர்கள்.

போனஸை ஆளுக்கு ஆள் பாத்துக் குடுக்கிறதா, குழுவுக்குக் குடுக்கிறதா?

வேலை எப்படியோ காசும் அப்படி. 1995இல் வெளியான வேஜ்மனின் இன்னோர் ஆய்வும் ஸெரொக்ஸ் பழுதுபார்ப்பவர்களைப் பற்றியதுதான். முழுக்கக் குழுவாக வேலை, குழுவாகப் பரிசு என்று இருந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். முழுக்கத் தனி வேலை, தனிப் பரிசு என்று இருந்தவர்களும் நன்றாகச் செய்தார்கள். பாதி அது, பாதி இது என்று கலந்த இடங்களில்தான் இழுபறி. நியாயமாக இருக்கட்டும் என்று பாதிக்குப் பாதி போடுவது நம்மவர்களுக்கு இயல்பாக வரும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எங்கட இடத்தில தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் இருக்கினம். குழு தானா முடிவெடுத்தா ஒரு பக்கம் சாயாதா?

சாயும், கவனிக்காவிட்டால். திருகோணமலையில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த விடயத்தைப் பேசவே முடியாது. முடிவு எந்த மொழியில் எடுக்கப்படுகிறதோ அந்த மொழி தெரியாதவர் வேலையாளாக மட்டும் ஆகிவிடுவார். ஆகவே, பேசியது எந்த மொழியாக இருந்தாலும் முடிந்த முடிவைப் பலகையில் இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அறை இலக்கம், நேரம், ஆளின் பெயர் இருந்தால் போதும், இலக்கண சுத்தம் தேவையில்லை.

ஒரு நல்ல பக்கமும் உண்டு. லீவுப் பட்டியலைக் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தமிழ், சிங்களப் பிள்ளைகள் நிற்பார்கள், தைப்பொங்கலுக்கு முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள், ஏப்ரல் புத்தாண்டுக்கு முஸ்லிம் பிள்ளைகள், பெருநாளுக்கு மற்றவர்கள். முகாமையாளர் போட்டால் வழக்கு வரும் பட்டியல், அவர்களே போட்டால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

சீசன் முடிய ஆக்களைக் குறைப்பம், பிறகு புதுசா எடுப்பம். குழு நிலைக்குமா?

கிழக்குக் கரையின் பெரிய தலையிடி இது. ஏப்ரல், மேயில் ஆள் எடுத்து, மாரி மழை தொடங்க அனுப்பிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் புதுக்குழுதான். ஒன்றாக வேலை செய்து பழகுவதன் பெறுமதியைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, விமானிகளின் பிழையோடு தொடர்புள்ள பெரிய விபத்துகளை ஆராய்ந்து 1994இல் அறிக்கை வெளியிட்டது. விவரம் கிடைத்த விபத்துகளில் 73 வீதம், அந்த விமானிகள் சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தன. தனித்தனியாக எல்லோரும் தேர்ந்தவர்கள்தான்.

எல்லோரையும் வைத்திருக்க வசதி இல்லை என்றால் இரண்டு மூன்று பேரையாவது ஆண்டு முழுக்க வையுங்கள். அடுத்த சீசனில் புதியவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

முதலாளி பார்த்தா கூட ஒரு மாதிரி சமாளிக்கலாம். கூட வேலை செய்யிறாக்களே பொலிஸ் மாதிரி பார்த்தா?

கூர்மையான கேள்வி. கேட்டவர் இளம் பெண், தையல் பகுதியில் வேலை. இதை ஜேம்ஸ் பார்க்கர் 1993இல் எழுதிய ஆய்வில் அப்படியே காணலாம். அமெரிக்காவில் ஒரு சிறிய உற்பத்தி நிறுவனம் மேற்பார்வையாளர்களை எடுத்துவிட்டுக் குழுக்களை அமைத்தது. ஆரம்பத்தில் எல்லோரும் ஒன்றாகப் பேசி, பொருளை நேரத்துக்கு முடிப்போம் என்று மனமொத்து உடன்பட்டார்கள். கொஞ்சக் காலத்தில் அந்த உடன்பாடு எழுதிய விதியானது. சில நிமிடம் பிந்தி வந்தவரையும் குழு விடவில்லை. பழைய சுப்பர்வைசரின் கண்ணைத் தப்பலாம், சுற்றி நிற்கும் எட்டுப் பேரின் கண்ணைத் தப்ப முடியாது.

இதற்கு முழு மருந்து கிடையாது. இரண்டு காரியம் உதவும் என்பது என் அபிப்பிராயம். குழு போடும் விதிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, தேவையில்லாததை வெட்ட வேண்டும். குழுவின் முடிவால் பாதிக்கப்பட்டவர் குழுவுக்கு வெளியே ஒருவரிடம் முறையிட வழி இருக்க வேண்டும்.

பிழை விட்டதை மறைச்சா எப்பிடித் தெரியும்?

தெரியாது, அதுதான் ஆபத்து. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் ஆஸ்பத்திரிக் குழுக்களில் மருந்துப் பிழைகளை எண்ணப் போனார். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், எண்ணிக்கை மறுவளமாக வந்தது. நல்ல குழுக்கள் பிழையை மறைக்காமல் சொன்னதால் கணக்கில் கூடியிருந்தது. உங்கள் குழுவின் பிழைப் புத்தகம் வெறுமையாக இருந்தால் பாராட்டுவதற்கு முன் யோசியுங்கள். மேலே சொன்ன எட்டுப் பேரின் கண் இங்கேயும் வந்து மிரட்டும்.

நல்ல முறை எண்டா ஏன் பெரிய கொம்பனிகள் விட்டிட்டாங்கள்?

வொல்வோ நிறுவனம் சுவீடனில் கல்மாரில் 1974இலும், உத்தெவல்லாவில் 1989இலும் குழு முறைக் கார் ஆலைகளைத் திறந்தது. உத்தெவல்லா 1993இலும் கல்மார் 1994இலும் மூடப்பட்டன. விற்பனை சரிந்திருந்த காலம். ஆலைகளில் உற்பத்தித் திறன் மிஞ்சிக் கிடந்தது, சிறியவற்றை மூடினார்கள். குழு முறை தோற்றதாலா, கணக்குப் புத்தகத்தாலா என்ற வாதம் இன்றும் உண்டு.

ஸப்போஸ் என்ற அமெரிக்கக் காலணி விற்பனை நிறுவனம் வேறு கதை. முகாமையாளர் பதவிகளையே ஒழிக்கும் ஒரு முறைக்கு மாறியது. 2015இல் “பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம்” என்று சொன்னபோது சுமார் 14 வீதமானோர் போனார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சட்டப்படி யார் பொறுப்பு? குழுவா?

தொழில்தருநர்தான். குழு எவ்வளவு முடிவெடுத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் கட்டுவது அவர் கடமை. “நீங்கள்தானே உங்களை நடத்துகிறீர்கள்” என்று சொல்லி ஆட்களைக் கூலிக் கணக்கில் மாற்றப் பார்ப்பவரைக் கண்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

தொடங்கிப் பாத்திட்டு சரிவரேல்ல எண்டா திரும்பச் சுப்பர்வைசரைப் போடலாமா?

போடலாம், ஆனால் அவசரப்பட்டுப் போடுகிறார்கள். முதல் கிழமைகளில் வேலை மந்தமாகும், கூட்டம் நீளும், இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பார்கள். அது வழமை. குழுக்கள் தவணையின் நடுப்பகுதியில்தான் தங்கள் வேலை முறையைத் திரும்பிப் பார்த்து மாற்றுகின்றன என்று கொனி கெர்சிக் 1988இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆறு மாதம் என்று தவணை வைத்தால் மூன்றாவது மாதம் உட்கார்ந்து பேசுங்கள், அதற்கு முன் தலையிடாதீர்கள். தவணையைத் தொடங்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் சரிவரவில்லை என்றால் முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கொடுத்தும் சரிவரவில்லை என்றால் சுப்பர்வைசரைப் போடுங்கள், அதில் வெட்கமில்லை. கொடுத்த அதிகாரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுப்பது மட்டும் வேண்டாம். அடுத்த முறை நீங்கள் எதைக் கொடுத்தாலும் அவர்கள் வாங்க மாட்டார்கள்.